சீசர் கடைசியாக என்ன சொன்னார்?

கி.மு. 44, மார்ச் 15. தளபதி பாம்பியின் நாடக அரங்கோடு சேர்ந்த மண்டபத்தின் முன்னால் சீசரின் பல்லக்கு வந்து நின்றதோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. அவர் கையில் ஒரு சுருள். சதித் திட்டத்தை எழுதி, ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கொடுத்த சுருள். சீசர் பலமுறை அதைப் படிக்கப் பார்த்தார். சூழ்ந்து நின்றவர்களின் நெரிசல் விடவில்லை. படிக்காத சுருளைப் பிடித்தபடியே உள்ளே போனார்.

கத்திகள் உருவப்படும் முன்னால் கதையை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தச் சுருளைப் பற்றி நமக்குச் சொன்னது யார்? புளூட்டார்க். சீசர் இறந்து சுமார் 90 ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பிறந்தார். சுருளைக் கொடுத்தது வேறு ஒருவர், ஆர்ட்டெமிடோரஸால் கிட்டவே நெருங்க முடியவில்லை என்று சொல்வோரும் உண்டு என அவரே ஒரு வரி சேர்த்து வைத்திருக்கிறார். நேர்மையான மனிதர். ஆனால் அந்த வரியைப் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். சுருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உலகத்தில் அதிகம் பேசப்பட்ட அரசியல் கொலை இது. அதை நேரில் கண்டு, குத்து விழுந்த வரிசையோடு எழுதி வைத்தவர் ஒருவர்கூட இல்லை. அப்படி ஏதாவது எழுதப்பட்டிருந்தாலும் அது நம் கைக்கு வந்து சேரவில்லை. நமக்கு இருப்பவை சில கடிதங்கள், ஒரு தத்துவ நூலில் நாலைந்து வரிகள், ஒரு நாணயம், பிறகு பல பத்தாண்டுகளும் நூற்றாண்டுகளும் தள்ளி எழுதப்பட்ட புத்தகங்கள். இவற்றில் யாரை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரிந்துகொள்ளாமல் மண்டபத்துக்குள் போவதில் பயனில்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். புரூட்டஸைப் பார்த்து ‘நீயுமா’ என்று சீசர் கேட்டார் என்பது தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டு விழாக்கள் வரை வந்து சேர்ந்த செய்தி. துரோகம் என்று சொல்ல வாயெடுத்தால் மேடைப் பேச்சாளருக்குப் புரூட்டஸ் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்தப் புகழ்பெற்ற லத்தீன் வசனம் பழைய ரோமானிய நூல் எதிலும் கிடையாது. 1599-இல் லண்டனில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் நாடகம்தான் அதை உலகறியச் செய்தது.

பழைய நூல்கள் சொல்வது என்ன? சூட்டோனியஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். ஹாட்ரியன் பேரரசரின் கடிதச் செயலாளராக இருந்தவர். அரண்மனை ஆவணங்கள் அவர் கைக்கு எட்டின. முதல் குத்து விழுந்தபோது சீசரிடமிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது, வார்த்தை எதுவும் வரவில்லை என்பதே அவர் தரும் செய்தி. அதற்குப் பிறகுதான், மார்க்கஸ் புரூட்டஸ் பாய்ந்து வந்தபோது ‘மகனே, நீயுமா’ என்ற பொருளில் சீசர் கிரேக்க மொழியில் கேட்டதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்று தனியாகக் குறிப்பிடுகிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் எழுதிய காசியஸ் டியோவும் இதையே செய்கிறார்: சீசரால் ஒன்றும் பேச முடியவில்லை என்பது தன் கூற்று, புரூட்டஸிடம் ஏதோ சொன்னார் என்பது சிலர் கூற்று. இருவருமே அந்த வசனத்துக்குப் பொறுப்பேற்கவில்லை. புளூட்டார்க்கிடம் அது இல்லவே இல்லை. கத்தியோடு வந்த புரூட்டஸைக் கண்டதும் சீசர் மேலாடையால் தலையை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

மண்டபத்தின் நிலையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். சுற்றி நின்று குத்தியவர்கள் ஒருவர் கையை ஒருவர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். புரூட்டஸின் கையிலேயே காயம் பட்டது. மற்ற செனட்டர்கள் உறைந்து நின்று, பிறகு வாசலை நோக்கி ஓடினார்கள். சாகிறவரின் உதட்டசைவு கேட்கும் தொலைவில் இருந்தவர்கள் கொலைகாரர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவரும் அதைப் பற்றி எழுதிய எழுத்து இல்லை.

‘மகனே’ என்ற விளி எங்கிருந்து வந்திருக்கும்? புரூட்டஸின் தாய் செர்வீலியாவுக்கும் சீசருக்கும் இருந்த உறவு ரோம் அறிந்தது. அதனால் புரூட்டஸ் சீசரின் பிள்ளையே என்ற வம்புப் பேச்சும் கிளம்பியது. புரூட்டஸ் பிறந்தது கி.மு. 85 வாக்கில், அப்போது சீசருக்கு வயது 15. ஊர்வாயில் பிறந்த சந்தேகம் ஒரு கடைசி வசனமாக உருமாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். சீசர் மௌனமாகச் செத்தார் என்று எழுதுவதுதான் சான்றுகளுக்கு நியாயம் செய்வதாகும்.

இனி, சம்பவத்துக்கு மிக நெருக்கமான சாட்சியைப் பார்க்கலாம். சிசெரோ. கொலை நடந்த நேரத்தில் அவர் மண்டபத்தில் இருந்தார் என்றே கொள்ள இடமிருக்கிறது. ரத்தம் சொட்டும் கத்தியை உயர்த்திப் புரூட்டஸ் சிசெரோவின் பெயரைச் சொல்லிக் கூவியதாகச் சீசர் தரப்பின் ஆண்டனி சாட்டிய குற்றத்தை அவர் மறுக்கவில்லை. கொடுங்கோலனின் சாவைத் தன் கண்ணாலேயே கண்டு மகிழ்ந்ததாக நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். கண்ணால் கண்டவர், லத்தீன் உரைநடையின் தலைமகன், வாரத்துக்குப் பல கடிதம் எழுதுகிறவர். இவரிடம் எல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கிடைக்கவில்லை. கொலைக்குப் பிறகு அவர் அட்டிகஸுக்கு எழுதியவற்றில் நம்மிடம் இருக்கும் முதல் கடிதம் ஏப்ரல் 7-ஆம் தேதியுடையது. இடைப்பட்ட மூன்று வாரம் வெறுமை. சதியில் பங்கேற்ற பாசிலஸுக்கு வாழ்த்துச் சொல்லி எழுதிய மிகச் சிறிய ஒரு சீட்டு இருக்கிறது. அதில் தேதி இல்லை, எதற்கான வாழ்த்து என்பதும் இல்லை. அது மார்ச் 15 அன்றே எழுதப்பட்டது என்று பலர் கருதுகிறார்கள். ஆசையான ஊகம், அதற்கு மேல் அதில் பாரம் ஏற்ற முடியாது.

ஆனால் வேறோர் இடத்தில் சிசெரோ பேசுகிறார். குறி பார்ப்பது பற்றி அவர் அந்த மாதங்களில் முடித்த நூலின் இரண்டாம் பகுதி. எதிர்காலம் முன்கூட்டியே தெரிவதால் யாருக்கு என்ன நன்மை என்று வாதிடும்போது சீசரின் சாவை எடுத்துக்காட்டாக வைக்கிறார். தானே பொறுக்கி நியமித்த செனட்டில், பாம்பியின் மண்டபத்தில், பாம்பியின் சிலைக்கு முன்பாகவே, தன் படை அதிகாரிகள் பலர் பார்த்திருக்க, தன்னால் வாழ்வு பெற்ற சிலரும் அடங்கிய உயர்குடியினரால் சீசர் வெட்டப்பட்டார். நண்பர்கள் மட்டுமல்ல, அடிமைகள்கூட அந்த உடலருகே வரவில்லை. இதுதான் அந்தப் பகுதியின் சாரம். நம்மிடம் உள்ள மிகப் பழைய வர்ணனை இது. இதில் காயங்களின் எண்ணிக்கை இல்லை, கடைசி வார்த்தை இல்லை, முதலில் குத்தியவர் பெயர் இல்லை.

அதே நூலில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. சீசர் ஊதா ஆடை அணிந்து பொன் ஆசனத்தில் முதன்முதலாக அமர்ந்த நாளில் பலியிட்ட காளைக்கு இதயமே இல்லை என்றும், உயிருக்கு ஆபத்து என்று ஸ்புரின்னா என்ற நிமித்திகர் எச்சரித்தார் என்றும் முதல் பகுதியில் ஒரு செய்தி வருகிறது. தேதி குறிப்பிடவில்லை. சுமார் 75 ஆண்டுகள் கழித்து, டைபீரியஸ் காலத்து எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ் கையில் இந்த எச்சரிக்கைக்கு 30 நாள் கெடு முளைக்கிறது. கெடுவின் கடைசி நாள் மார்ச் 15. சூட்டோனியஸிடம் வரும்போது கொலை நாளன்று சீசருக்கும் ஸ்புரின்னாவுக்கும் நடந்த உரையாடலே இருக்கிறது. புளூட்டார்க்கிடம் அந்த உரையாடல் இருக்கிறது, நிமித்திகரின் பெயர் போய்விடுகிறது. ஷேக்ஸ்பியர் அந்தப் பெயரில்லாத மனிதரைத் தெருக் கூட்டத்தில் நிறுத்திக் கூவ வைத்தார். ஒரு செய்திக்குக் கைகால் முளைப்பதை இவ்வளவு தெளிவாகப் படிப்படியாகக் காண வரலாற்றில் அதிக வாய்ப்புகள் அமைவதில்லை. ஸ்புரின்னா என்ற மனிதர் இருந்தார், ஏதோ ஓர் எச்சரிக்கை விடுத்தார் என்பது வரை சிசெரோ நமக்குக் கைகொடுக்கிறார். நாள் குறித்துச் சொன்னார் என்பதற்கு அவர் சாட்சி அல்ல.

சிசெரோவிடமும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். சீசரின் சாவை விரும்பியவர் அவர். ஆண்டனியை ஏன் விட்டுவைத்தார்கள் என்று பின்னால் புலம்பியவர். எனவே கொலைகாரர்களை ‘உயர்குடியினர்’ என்று அவர் சிறப்பிக்கும் இடத்தில் அவர் வழக்கறிஞர். மண்டபம் எது, சிலை யாருடையது என்று சொல்லும் இடத்தில் மட்டும் சாட்சி. இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பதற்கு உதவியாக, எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு கடிதம் தப்பியிருக்கிறது. சீசரின் நண்பர் மேட்டியஸ் அதே ஆண்டில் சிசெரோவுக்கு எழுதிய பதில். நண்பன் செத்ததற்குத் துக்கப்படுவது குற்றமா என்று கேட்கும் அந்தக் கடிதம், பதவிக்கும் பணத்துக்கும் வெளியே சீசரை நேசித்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. ‘விடுதலை, விடுதலை’ என்று கொலைகாரர்கள் தெருவில் கூவியபோது கதவுகள் ஏன் படபடவென்று சாத்தப்பட்டன என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கடிதம் வேண்டும்.

அடுத்தவர் டமாஸ்கஸ் நிக்கோலஸ். கொலை நடந்தபோது சுமார் 20 வயது, இருந்தது சிரியாவில். பிறகு ஏரோது மன்னரின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்து, அகஸ்டஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முழு நூல் அழிந்துவிட்டது. 10-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ஏழாம் கான்ஸ்டன்டைன் பேரரசர் பழைய நூல்களிலிருந்து பகுதிகளைத் தொகுக்கச் சொன்னார். அந்தத் தொகுப்பில் அரசர்களுக்கு எதிரான சதிகள் என்ற பிரிவும் இருந்தது. அதன் புண்ணியத்தில் சீசர் கொலை பற்றிய பகுதி பிழைத்தது.

இந்த நிக்கோலஸுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அகஸ்டஸைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த இந்தியத் தூதர்களை அந்தியோக்கியாவுக்கு அருகே நேரில் சந்தித்ததாக அவர் எழுதியதைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எடுத்துச் சொல்கிறார். தோலில் கிரேக்க மொழியில் எழுதிய கடிதம், பெரிய பாம்புகள், ஓர் ஆற்று ஆமை, கழுகைவிடப் பெரிய கவுதாரி என்று பரிசுப் பட்டியல் நீள்கிறது. அனுப்பிய மன்னர் பெயர் போரஸ் என்று அந்த இடத்தில் வருகிறது. அகஸ்டஸுக்கு இந்தியாவிலிருந்து வந்த தூது பற்றி ஸ்ட்ராபோ பேசும் இன்னோர் இடத்தில் பாண்டியன் பெயரும் வருகிறது. பாண்டியன் பெயரைக் கண்டதும் நமக்கு ஏற்படும் ஆர்வம் இயல்பானது. அதே கண்டிப்பை அங்கும் காட்டத்தான் வேண்டும்: தூதர்களைக் கண்டார் என்பதற்கு நிக்கோலஸ் நேர்ச்சாட்சி, சீசர் விழுந்ததற்கு அவர் கேள்விச் சாட்சி.

கேள்விச் சாட்சி என்பதால் ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. மண்டபத்தில் இருவர் மட்டும் சீசரைக் காக்க முயன்று, எதிரிகளின் எண்ணிக்கையைக் கண்டு ஓடினார்கள் என்று அவர் ஒருவர்தான் எழுதியிருக்கிறார். கால்விசியஸ் சாபினஸ், சென்சோரினஸ் என்று பெயரும் தருகிறார். கி.மு. 39-ஆம் ஆண்டின் கான்சல்கள் இருவர் யார் என்று பட்டியலைப் பார்த்தால், இதே இருவர்! சீசரின் வாரிசுகள் ஆட்சியில் இருந்த காலம் அது. நன்றிக்கடன் தீர்க்கப்பட்டிருக்கிறது. யாரும் நெருங்கவில்லை என்று சிசெரோ சொன்னது விழுந்த உடலைப் பற்றி. குத்து நடக்கும்போது இருவர் முன்வந்தார்கள் என்பதை அது பொய்யாக்காது.

அதே நிக்கோலஸ்தான் காயங்கள் 35 என்கிறார், சதிகாரர்கள் 80-க்கு மேல் என்கிறார். சூட்டோனியஸ், புளூட்டார்க், வரலாற்றாசிரியர் அப்பியன் எல்லோரும் காயம் 23 என்கிறார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலுக்கு எழுதப்பட்ட பழைய சுருக்கத்திலும் 23. நாலு பேர் சொல்வதால் 23 உண்மை என்று வாக்கெடுப்பு நடத்த முடியாது. நாலு பேரும் ஒரே மூலத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரு வாக்குதான். 23-க்கு உண்மையான பலம் சூட்டோனியஸ் தரும் ஒரு தகவலில் இருக்கிறது: அன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர் உடலைப் பார்த்து, மார்பில் பட்ட இரண்டாவது காயம் ஒன்றே உயிரைப் பறித்தது என்று கருத்துச் சொன்னார். ஒரு மருத்துவர் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருக்கிறார் என்றால், எண்ணியும் இருப்பார். அந்த எண் வெளியே பரவியிருக்கும். சதிகாரர்கள் 60-க்கு மேல் என்பது சூட்டோனியஸின் கணக்கு. பெயர் தெரிந்தவர்கள் சுமார் 20 பேர்தான். இங்கே முடிவு சொல்ல வழியில்லை.

முடிவு சொல்ல வழியுள்ள ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். ஆண்டனி பலசாலி. அவரை உள்ளே விடாமல் வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்திய சதிகாரர் யார்? சீசரின் வரலாற்றில் புளூட்டார்க் டெசிமஸ் புரூட்டஸ் என்கிறார். மார்க்கஸ் புரூட்டஸின் வரலாற்றில் அதே புளூட்டார்க் டிரெபோனியஸ் என்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே சம்பவம், இரண்டு பெயர். சிசெரோ ஆண்டனியைத் தாக்கி அதே ஆண்டு எழுதிய இரண்டாம் பிலிப்பிக் உரையில், அவரை ஓரமாக அழைத்துப் போனது டிரெபோனியஸ் என்று சொல்லிக் காட்டுகிறார். டிரெபோனியஸும் ஆண்டனியும் அப்போது உயிரோடிருந்தார்கள். பொய்யென்றால் ஆண்டனி மறுத்திருப்பார். ஆக, டிரெபோனியஸ்தான். புளூட்டார்க் பொய் சொல்லவில்லை. பல சுருள்களைப் படித்து, குறிப்பெடுத்து, நினைவிலிருந்தும் எழுதியவருக்கு ஓர் இடத்தில் பெயர் மாறிவிட்டது. டெசிமஸின் பெயருக்கு இன்னொரு விபத்தும் நேர்ந்தது. ஷேக்ஸ்பியர் படித்தது 1579-இல் தாமஸ் நார்த் வெளியிட்ட ஆங்கிலப் புளூட்டார்க். நார்த் அதைப் பெயர்த்தது பிரெஞ்சிலிருந்து. அதில் டெசிமஸ் ‘டீசியஸ்’ ஆகியிருந்தார். நாடகத்திலும் அப்படியே நின்றுவிட்டார்.

நமக்குப் பெரிய இழப்பு இரண்டு. லிவி எழுதிய 142 பாகங்களில் 35 மட்டுமே கிடைத்திருக்கின்றன; சீசர் கொலை வரும் பாகம் இல்லை. சீசரோடு ரூபிகான் ஆற்றைக் கடந்தவரான அசினியஸ் போல்லியோ எழுதிய வரலாறும் போய்விட்டது. புளூட்டார்க்கும் அப்பியனும் போல்லியோவைப் படித்திருக்கிறார்கள் என்பதால், அவர்களின் வரிகளுக்கு அடியில் அந்தக் குரல் எங்கோ ஒலிக்கிறது. எந்த வரியில் என்று விரல்வைத்துக் காட்டுவதுதான் கடினம்.

எழுத்தை விட்டு உலோகத்துக்கு வரலாம். கி.மு. 43-42-இல் புரூட்டஸ் தன் படைக்கு ஊதியம் கொடுக்க அடித்த நாணயத்தின் ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்ற நாளின் சுருக்கம். காசியஸ் டியோ இந்த நாணயத்தைத் தன் நூலில் வர்ணித்திருக்கிறார். 250 ஆண்டுகள் பிந்திய எழுத்தாளரை மண்ணுக்கடியிலிருந்து வந்த வெள்ளி உறுதிப்படுத்துகிறது. கொலையாளி அந்தச் செயலை எப்படி நினைவில் வைக்கச் சொன்னார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது. நாணயத்துக்கும் வந்த வழி கேட்கத்தான் வேண்டும். இதே வகைத் தங்க நாணயம் ஒன்று 2020-இல் சுமார் 42 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. யார் கையிலிருந்து வந்தது என்ற ஆவணம் பொய் என்று தெரியவந்து, 2023-இல் கிரேக்க நாட்டிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

இடமும் பேசுகிறது. கொலை நடந்தது ஃபோரத்தில் இருந்த செனட் கட்டடத்தில் அல்ல, அது கி.மு. 52-இல் அரசியல்வாதி குளோடியஸின் இறுதிச் சடங்குக் கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. பாம்பி மண்டபத்தின் எச்சம் இன்றைய ரோமில் லார்கோ அர்ஜென்டினா என்ற சதுக்கத்தில் தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அந்த மண்டபத்தை அடைத்துவிட ஆணையிட்டார்கள் என்கிறார் சூட்டோனியஸ். பின்னால் அது கழிப்பிடமாக மாற்றப்பட்டது என்கிறார் டியோ. அகழாய்வில் அங்கே ஒரு பெரிய பொதுக் கழிப்பிடத்தின் எச்சம் கிடைத்தது.

இனி மண்டபத்துக்குள் போகலாம். ஆண்டனி ஈமச் சடங்கில் பேசியதையும் இதே முறையில்தான் அடுத்த இதழில் அணுக வேண்டியிருக்கும். அப்பியனும் டியோவும் பக்கம் பக்கமாக எழுதிய அந்தப் பேச்சை, சில வார்த்தைகள் மட்டுமே என்று சூட்டோனியஸ் முடித்துவிடுகிறார்.

போகும் முன் ஒரு கடிதம். கொலை நடந்த சில நாட்களுக்குள் டெசிமஸ் புரூட்டஸ், மார்க்கஸ் புரூட்டஸுக்கும் இன்னொரு சதிகாரரான காசியஸுக்கும் எழுதியது. அன்று காலை சீசரின் வீட்டுக்கே போய், வரத் தயங்கியவரைப் பேசிப்பேசி அழைத்து வந்தவர் டெசிமஸ். கத்தி பிடித்தவர் ஒருவர் அந்த நாட்களிலேயே எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பது இது. இதில் சீசர் எப்படி விழுந்தார் என்று ஒரு சொல் இல்லை. நேற்று மாலை (சீசர் தரப்பின்) ஹிர்டியஸ் வந்தார், ஆண்டனியை நம்ப முடியாது, ரோமில் நமக்குப் பாதுகாப்பில்லை, ரோட்ஸ் தீவுக்கோ வேறெங்கோ போய்விடலாம், காலம் நல்லபடியாகத் திரும்பினால் ஊருக்கு வரலாம், இல்லாவிட்டால் நாடு கடந்து வாழலாம் என்று எழுதுகிறார். அவர் ரோட்ஸ் போகவில்லை. அடுத்த ஆண்டு, கி.மு. 43-இல், தப்பி ஓடும் வழியில் கால் (Gaul) இனத் தலைவன் ஒருவனிடம் பிடிபட்டு, ஆண்டனியின் ஆணைப்படி கொல்லப்பட்டார்.

(தொடரும்)